நகர வரைபடத்தில் நம் தெருக்கள்

தாம்பரத்தின் வளர்ச்சியை எழுதுவோர், 1931ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து இங்கு வந்த மின்சார இரயிலைக் கொண்டே தொடங்குவர். நாம் 1891இலிருந்து தொடங்குகிறோம். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர், நம் முன்னோர்க்குக் குடியிருந்த மனையும் உரிமையில்லை என்று அரசுக்கு எழுதிய ஆண்டு அது. அதன் பயனாக 1892இல் பிறந்த ஆணையின் வழி வந்ததே பஞ்சமி நிலம்.

நகரத் திட்டம் என்பது நிலத்திற்கு நிறம் தீட்டும் பணி. ஒரு சர்வே எண் குடியிருப்பா, தொழிலா, திறந்தவெளியா என்பதை அந்நிறமே முடிவு செய்கிறது. தாம்பரமும் அடங்கிய 1,189 சதுர கிலோமீட்டர்ப் பரப்புக்கு முதல் முழுமைத் திட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. 2026ஐ எல்லையாகக் கொண்ட இரண்டாவது திட்டம் 2008இல் வந்தது. 2027 முதல் 2046 வரைக்குமான மூன்றாவதற்கு மக்கள் கருத்தைக் கேட்கும் பணி 2022இல் தொடங்கிற்று.

1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரைவின் மீது எவரும் எழுத்து மூலம் ஆட்சேபிக்கலாம். அதற்கு இரு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் உண்டு. நாள் கூலிக்குச் செல்வோர்க்கு அது நீண்ட காலமன்று. தம் தெரு நீர்நிலை எனக் குறிக்கப்பட்டிருப்பதைப் பலர் அறிவது, வீட்டை இடிக்க வரும் நாளில்தான்!

2021இல் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. 2022இல் அதன் முதல் மேயராக நம் குலமகள் வசந்தகுமாரி தம் இருபத்தைந்தாம் அகவையில் பொறுப்பேற்றார். நாம் பூரித்தோம். ஆயினும் முழுமைத் திட்டத்தை வரைவது மாநகராட்சியன்று, பெருநகர் வளர்ச்சிக் குழுமம். இளைஞர்கள் தத்தம் தெருவின் சர்வே எண்களையும் பட்டா நகல்களையும் இப்போதே தொகுத்து வைப்பாராக. பஞ்சமி நிலமாயின், பழைய கிராமப் பதிவேட்டின் நகலும் வேண்டும்.