கேனான் ஈ.ஓ.எஸ். 200டி மார்க் II

கேனான் நிறுவனம் 2019 ஏப்ரலில் அறிவித்த, தொடக்கநிலையினருக்கான டி.எஸ்.எல்.ஆர். கேமரா. ஐரோப்பாவில் இதற்கு 250டி என்றும் ஜப்பானில் கிஸ் எக்ஸ்10 என்றும் பெயர். ஏ.பி.எஸ்.-சி உணரியும் 24.1 மெகாபிக்சல் தெளிவும் கொண்டது. மின்கலம், அட்டையுடன் எடை சுமார் 449 கிராம்; லென்ஸ் தனி.

திருவள்ளூர் மாவட்டத்தில் இதைச் சோதித்துப் பார்க்கத் தோதான இடம் பழவேற்காடு ஏரி. குளிர்காலத்தில் பூநாரைகள் ஆழமற்ற நீரில் கூட்டமாக மேயும். படகு நெருங்கினால் எழுந்துவிடும். 55-250 மி.மீ. லென்ஸின் நீள்முனை, 1.6 மடங்கு கிராப்பால், முழுச்சட்டகக் கேமராவின் 400 மி.மீ. பார்வைக்கோணத்தைத் தருகிறது. அதுவும் பல நேரம் போதாது. வியூஃபைண்டரில் குவியப்புள்ளிகள் ஒன்பதே. பறக்கும் பறவையை நடுப்புள்ளியில் பிடித்துத் தொடர்வதே நல்லது. வேகம் நொடிக்கு ஐந்து படம். நிற்கும் பறவைக்கு இது தாராளம், எழும் கூட்டத்துக்குக் கொஞ்சம் இழுபறிதான்.

திரை வழியே எடுத்தால் டூயல் பிக்சல் குவியமும் கண் கண்டறிதலும் கிடைக்கும். 4கே காணொளியில் டூயல் பிக்சல் இயங்காது, சட்டகமும் வெகுவாகக் குறுகும். கல்யாண வேலைக்கு வாங்குவோர் கவனிக்க: ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் நடுமுனை இல்லை, ஆகவே பிற நிறுவனங்களின் மலிவான ஃபிளாஷ்கள் பல எரியாது. வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் ஒரு சார்ஜில் சுமார் 1,070 படங்கள்.