ஐந்து மில்லிமீட்டர்: கல்கத்தாவில் பிறந்த அலையும் அதன் சந்தையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிராட்ஷா ரயில் கால அட்டவணையைப் புரட்டியவர்கள் எண்ணற்றோர். வண்டி எப்போது வரும், எப்போது புறப்படும் என்பதற்கு மேல் அவர்கள் அதனிடம் எதையும் கேட்டதில்லை. கல்கத்தா மாநிலக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ் மட்டும் அதன் பக்கங்களுக்கிடையே வெள்ளீயத் தாள்களைச் செருகி, அப்புத்தகத்தை ஓர் ஆய்வுக் கருவியாக மாற்றினார். கண்ணுக்குத் தெரியாத மின்னலை அப்புத்தகத்தை ஒரு நிலையில் கடந்து சென்றது. புத்தகத்தைத் திருப்பி வைத்தால் கடக்க மறுத்தது. ஒளியைப் போலவே மின்னலைக்கும் முனைவாக்கம் உண்டு என்பதற்கு அது கண்கூடான சான்றாயிற்று.

அந்த அலையின் நீளம் மில்லிமீட்டர்களில் அளக்கத் தக்கது. இன்று விமான நிலையச் சோதனைக் கூண்டுகளிலும், மகிழுந்துகளின் முகப்பிலும், ஐந்தாம் தலைமுறைத் தொலைபேசியின் மிக வேகமான பட்டையிலும் இயங்குவது அதே அலைதான். ஆயினும் ஆய்வகத்துக்கும் சந்தைக்கும் இடையே ஒரு நூற்றாண்டு கழிந்தது. அந்தத் தாமதத்தின் காரணத்தைத் தேடினால், போஸின் கதையோடு நம் சின்னசேலத்தின் கதையும் ஓரளவு விளங்கும்.

1

மின்னும் காந்தமும் அலையாய்ப் பரவும் என்று ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1865இல் கணிதத்தால் நிறுவினார். 1887-88இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் அதைச் சோதனையால் மெய்ப்பித்தார். ஹெர்ட்ஸின் அலைகள் மீட்டர்க் கணக்கில் நீண்டவை. பின்னாளில் 66 சென்டிமீட்டர் வரை குறைத்தார். 1894இன் முதல் நாளில், தமது முப்பத்தாறாம் வயதில், அவர் மறைந்தார். அவர் பணியைக் குறித்து ஆலிவர் லாட்ஜ் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவு நூலாகிக் கல்கத்தாவை எட்டியது. போஸ் அதைப் படித்தார்.

போஸ் சிற்றலையைத் தேர்ந்ததற்கு எளிய காரணம் உண்டு. நீண்ட அலை வளைந்து பரவும். அதை ஆராயப் பெரிய ஆடிகளும் பெரிய அரங்கும் வேண்டும். அலை சிறிதானால் அது ஒளிக்கதிர் போல நேர்கோட்டில் செல்லும். கருவிகளும் மேசைமேல் அடங்கும். கல்லூரியில் அவருக்குக் கிடைத்ததோ ஒரு சிற்றறை. இந்தியர் என்பதால் குறைந்த ஊதியம் தர முற்பட்ட நிர்வாகத்துக்கு எதிராக மூன்றாண்டுகள் ஊதியமே பெறாமல் பணியாற்றியவர் அவர். உள்ளூர்க் கைவினைஞர்களின் துணையோடு, சுமார் 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரையிலான அலைகளை அவர் உண்டாக்கினார். ஐந்து மில்லிமீட்டர் என்பது இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ்.

இவ்வலைகளை ஏந்த அவர் அமைத்த உலோகப் புனல், இன்று கொம்பு அலைவாங்கி எனப்படுவதன் முன்னோடி. கந்தகத்தாலான பட்டகத்தால் அலையை வளைத்தார். முறுக்கிய சணல் கட்டுகளைக் கொண்டு அலையின் முனைவாக்கத் தளத்தைத் திருப்பிக் காட்டினார். வங்காளத்தில் மலிவாகக் கிடைத்தது சணல். ஆய்வுக்கும் அதுவே உதவிற்று.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் துணை ஆளுநர் அலெக்சாண்டர் மெக்கன்சியின் முன்னிலையில் நடந்த செய்முறைக் காட்சியில், அலைகள் சுவர்களைத் துளைத்துச் சென்று மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைக் கொளுத்தவும் செய்தன. 1897 ஜனவரி 29ஆம் நாள் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தம் கருவிகளை அவர் விளக்கினார்.

2

இங்கே ஒரு பழைய வழக்கைச் சற்று விலக்கி வைக்க வேண்டியிருக்கிறது. வானொலியைக் கண்டவர் மார்க்கோனியா, போஸா என்ற வழக்கு அது. 1901 டிசம்பரில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்த சமிக்ஞையைப் பெற மார்க்கோனி பயன்படுத்திய பாதரச உணர்கருவி, போஸ் 1899இல் வெளியிட்ட அமைப்பை ஒத்தது என்பதைப் பிரபீர் பந்தோபாத்யாய் 1998இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். அக்கடன் ஒப்புக்கொள்ளப்பட வேண்டியதே. ஆனால் மார்க்கோனியின் அலைகள் நூற்றுக்கணக்கான மீட்டர் நீண்டவை. போஸின் அலைகளோ விரல் நகத்தினும் சிறியவை. இருவரும் இருவேறு பாதைகளில் நடந்தவர்கள். போஸை மார்க்கோனியின் பாதையில் நிறுத்தி முதலிடம் கோரும் போது, அவர் உண்மையில் முதல்வராய் நின்ற பாதையை நாமே மறைத்து விடுகிறோம்.

அன்றைய சந்தைக்குத் தேவையானது தொலைவு. கடலில் செல்லும் கப்பலோடு பேச வேண்டும். கண்டம் கடந்த குடியேற்றங்களோடு பேச வேண்டும். கடலடித் தந்திக் கம்பிக்கு மாற்று தேடியவர்களிடம், சில பத்தடி தூரம் செல்லும் அலைக்கு என்ன விலை கிடைக்கும்? ஆகவே முதலீடு நீண்ட அலையின் பின் சென்றது.

விலையே பேசப்படவில்லை என்றும் கொள்ள முடியாது. 1901 மே மாதம் தாகூருக்கு எழுதிய கடிதத்தில், பெரும் தந்தி நிறுவனம் ஒன்றின் செல்வந்த உரிமையாளர் காப்புரிமைப் படிவத்தோடு தம்மை நாடி வந்ததையும், தாம் இணங்க மறுத்ததையும் போஸ் விவரிக்கிறார். அறிவு விற்பனைக்குரியதன்று என்பது அவர் கொள்கை. சகோதரி நிவேதிதையும் அமெரிக்கத் தோழி சாரா புல்லும் வற்புறுத்தியதால், கலீனா படிகத்தாலான உணர்கருவிக்கு மட்டும் அமெரிக்கக் காப்புரிமை கோரப்பட்டு 1904 மார்ச் 29இல் வழங்கப்பட்டது. குறைகடத்திக் கருவிக்குரிய முதற் காப்புரிமைகளுள் அது ஒன்று. அதிலிருந்து வருவாய் தேட போஸ் முனையவில்லை. விரைவில் தாவரங்களின் உணர்வை ஆராயத் திரும்பினார். மில்லிமீட்டர் அலை உறங்கப் போயிற்று.

3

உறக்கம் கலைந்தது போரினால். 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய குழி மாக்னட்ரான், பத்து சென்டிமீட்டர் அலையில் பெருந்திறன் தந்தது. அலை குறுகினால் ராடாரின் பார்வை கூர்மையாகும் என்பதால் மூன்று சென்டிமீட்டருக்கும், பின் 1.25 சென்டிமீட்டருக்கும் இறங்கினார்கள். அங்கே இயற்கை குறுக்கிட்டது: காற்றிலுள்ள நீராவி அவ்வலையை விழுங்கியது. மேலும் குறுக்கி ஐந்து மில்லிமீட்டருக்குச் சென்றால், அங்கே ஆக்சிஜன் விழுங்குகிறது. போஸின் 60 கிகாஹெர்ட்ஸ் அலை, ஒரு கிலோமீட்டர் காற்றைக் கடப்பதற்குள் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காக மெலிந்து விடும். அறைக்குள் ஆய்ந்த போஸுக்கு இத்தடை எதிர்ப்படவே இல்லை.

காற்று விழுங்குமெனில் குழாய்க்குள் அனுப்பலாமே என்று அமெரிக்க பெல் ஆய்வகம் கருதியது. நியூ ஜெர்சியில் 1970களின் நடுவில் சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்கு அலைக்குழாய் பதித்து, 40 முதல் 110 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைச் செலுத்திச் சோதித்தார்கள். தொழில்நுட்பம் வென்றது, வாணிகம் தோற்றது. அதே காலத்தில் முதிர்ந்த கண்ணாடி இழை, அவ்வேலையை மலிவாகச் செய்து முடித்தது.

அடுத்த முயற்சி 1990களின் இறுதியில். கம்பியின்றிக் கட்டிடங்களுக்கு இணைய இணைப்புத் தர, 24 முதல் 38 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைகளை நம்பி அமெரிக்காவில் பெருநிறுவனங்கள் எழுந்தன. அவற்றுள் முதன்மையான டெலிஜென்ட், வின்ஸ்டார் இரண்டும் 2001இல் திவாலாயின.

தொலைவைக் கேட்ட சந்தைகளில் எல்லாம் இவ்வலை தோற்றது என்பது இதுகாறும் தெளிவு. அது வென்ற இடங்கள், தொலைவு தேவைப்படாத இடங்களே. 1990களின் இறுதியில் மெர்சிடிஸ் நிறுவனம் தன் உயர்தர மகிழுந்தில் 77 கிகாஹெர்ட்ஸ் ராடாரைப் பொருத்தியது. முன்செல்லும் வண்டியின் இடைவெளியை அளக்க நூற்றைம்பது மீட்டர் போதும். ஆடையை ஊடுருவி உடலில் பட்டுத் திரும்பும் இயல்பால் விமான நிலையச் சோதனைக்கு அது பொருந்தியது. தானியமோ மாவோ நிரம்பிய உயரமான கொள்கலனில், தூசு மண்டியிருந்தாலும் உள்ளிருப்பின் மட்டத்தை அளக்க 80 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் விற்கப்படுகின்றன. ஆக்சிஜன் விழுங்குவதும் வரமாயிற்று: ஓர் அறையின் அலை அடுத்த கட்டிடத்துக்கு இடையூறு செய்யாதல்லவா? அமெரிக்கா 1995இல் 59 முதல் 64 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்து விட்டது. போஸ் முதலில் எட்டிய அதே பட்டை, அவர் பிறந்த நாட்டில் அதற்குப் பல்லாண்டுகள் பின்னரும் விவாதப் பொருளாகவே இருந்தது.

4

கைப்பேசிக்கு இவ்வலை உதவும் என்ற நம்பிக்கை பிறந்தது, பல அலைவாங்கிகளை ஒருங்கே இயக்கும் கலை வளர்ந்த பின்னரே. ஐந்து மில்லிமீட்டர் அலைக்கு அரை அலை நீளம் இரண்டரை மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் அறுபத்து நான்கு அலைவாங்கிகளை எட்டுக்கு எட்டாக அடுக்கினால் இரண்டு சென்டிமீட்டர்ச் சதுரத்தில் அடங்கி விடும். அவற்றைச் சேர்த்தியக்கி அலையை ஒரே திசையில் குவித்தால் இழந்த வலுவை ஓரளவு மீட்கலாம்.

பல அலைவாங்கிகளால் ஒரே பட்டையில் பல தரவோட்டங்களை அனுப்பும் முறைக்கு வித்திட்டவர் பொள்ளாச்சியில் 1944இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படைக்காக அப்சோ என்னும் சோனார் கருவியை உருவாக்கியவர், பின்பு ஸ்டான்ஃபோர்டு சென்று, 1992இல் தாமஸ் கைலாத்துடன் அம்முறைக்குக் காப்புரிமை கோரினார், நிறுவனங்களையும் தொடங்கினார். 2014இல் அவருக்கு வழங்கப்பட்டது மார்க்கோனி பரிசு. இந்தியாவின் ஐந்தாம் தலைமுறைக்கான வழிகாட்டுக் குழுவுக்கும் அவரே தலைமை ஏற்று, 2018இல் அறிக்கை அளித்தார். படிவத்தை மறுத்த வங்காளிக்கும் படிவத்தை நிரப்பிய தமிழருக்கும் இடையே இருப்பது குணபேதம் மட்டுமன்று. அடிமை நாட்டின் அறிஞனுக்கும் விடுதலை பெற்ற நாட்டின் பொறியாளனுக்கும் வாய்த்த உலகங்களின் பேதமும் ஆகும்.

5

2022 ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டு முதல் நாளில் முடிந்த அலைக்கற்றை ஏலம் இந்திய அரசுக்கு 1,50,173 கோடி ரூபாய் ஈட்டித் தந்தது. விற்ற அலைக்கற்றையில் எண்பது விழுக்காட்டுக்கும் மிகுதியானது 26 கிகாஹெர்ட்ஸ் பட்டை, அதாவது மில்லிமீட்டர் அலையின் வாசற்படி. ஆனால் வருவாயில் அதன் பங்கு பத்தில் ஒன்றளவே. அடிப்படை விலையைப் பாருங்கள்: நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு, 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 317 கோடி ரூபாய்; 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஏழு கோடிக்கும் சற்றுக் குறைவு. 1897இல் சந்தை எதை மதித்ததோ அதையே 2022இலும் மதித்தது. தொலைவு செல்லும் அலைக்கே விலை.

தென் கொரியாவின் படிப்பினை இன்னும் கடுமையானது. அங்கே 2018இல் 28 கிகாஹெர்ட்ஸ் பட்டையை வாங்கிய மூன்று நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் நிலையங்களை அமைக்கவில்லை. 2022 இறுதியிலும் 2023இலும் மூன்றின் உரிமங்களையும் அந்நாட்டரசு பறித்தது.

இனி நம் ஊர். சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் சின்னசேலத்தைக் கடந்து போகும் வண்டிகளுள் சிலவற்றின் முகப்பில் 77 கிகாஹெர்ட்ஸ் ராடார் இருக்கிறது. மில்லிமீட்டர் அலை இவ்வூருக்கு அவ்விதம் நாள்தோறும் வந்து, நில்லாமல் போகிறது. வடமேற்கே எழும் கல்வராயன் மலையிலோ கதை வேறு. மணிக்கு ஐம்பது மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழையில், 26 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கிலோமீட்டரில் ஆறில் ஒரு பங்காகக் குன்றும். மரத்தின் இலைத்திரள் அதை மேலும் மறிக்கும். மலைத்தோள் முற்றாக மறைக்கும். சில நூறு மீட்டருக்கு ஒரு நிலையம் வேண்டும். ஒரு தெருவில் ஆயிரம் பேர் நெருங்கும் மாநகரில் அது இலாபம். குன்றுக்கொரு சிற்றூராகச் சிதறிக் கிடக்கும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களில் அது எந்தக் கணக்கிலும் இலாபமாகாது.

மலைக்கு வேண்டியது வளைந்து செல்லும் நீண்ட அலை. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அலையின் நீளம் 43 சென்டிமீட்டர். இணைப்பற்ற 24,680 சிற்றூர்களுக்கு நான்காம் தலைமுறைச் சேவை அளிக்க, 26,316 கோடி ரூபாயில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் வழியாக ஒரு திட்டத்தை நடுவண் அரசு 2022 ஜூலையில் ஏற்றது. சந்தை தானாகச் செல்லாத இடத்துக்குப் பொதுப்பணம் சென்றே ஆக வேண்டும் என்பதன் ஒப்புதல் அது. அதே ஜூலையில்தான் ஏலமும் தொடங்கியது. ஏலத்தொகையோடு அத்திட்டத்தின் செலவை ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு வரும்.

போஸ் படிவத்தை மறுத்ததை நாம் இன்று பேதைமை என்றும் சொல்கிறோம், பெருந்தன்மை என்றும் சொல்கிறோம். அவர் விற்க முன்வந்திருந்தாலும் ஐந்து மில்லிமீட்டர் அலையை அன்று வாங்குவார் இல்லை என்பதையே வரலாறு காட்டுகிறது. சந்தை காத்திருந்து தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அது அதன் இயல்பு. 2012இல் கல்கத்தாவில் அவ்வாய்வுக்கு ஐ.இ.இ.இ. என்னும் உலகப் பொறியாளர் அமைப்பு மைல்கல் என்ற சிறப்பை வழங்கியது. அறிவுக்குரிய மரியாதை நூறாண்டு கழித்தேனும் வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால் மலைமேல் மருத்துவ ஊர்தியை அழைக்கக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து நிற்பவர் நூறாண்டு காத்திருக்க இயலாது. அவருக்குரிய அலை எது என்பது இயற்பியலுக்கு எப்போதோ தெரியும். அதை அவரிடம் கொண்டு சேர்ப்பது சந்தையின் வேலையன்று, நம் வேலை.