தேம்ஸ் கால்பந்துக் கழகம் (1928–1932)

தேம்ஸ் கால்பந்துக் கழகம், கிழக்கு லண்டனின் கஸ்டம் ஹவுஸ் பகுதியில் 1928 முதல் 1932 வரை இயங்கிய தொழில்முறை ஆடவர் அணி. தொடக்க ஆண்டுகளில் தேம்ஸ் அசோசியேஷன் என்றும் அழைக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஃபுட்பால் லீக்கில், அன்றைய கடைசிப் படியான மூன்றாம் டிவிஷனின் தெற்குப் பிரிவில், இரண்டே பருவங்கள் ஆடிவிட்டுக் கலைந்தது. கோப்பை எதுவும் வென்றதில்லை. சனிக்கிழமை லீக் ஆட்டமொன்றுக்கு வந்த மிகக் குறைந்த கூட்டம் என்ற சாதனையால்தான் இதன் பெயர் இன்றும் புள்ளிவிவர நூல்களில் நிற்கிறது.

இங்கிலாந்தின் பழைய கழகங்கள் பலவும் ஆலைத் தொழிலாளர்களாலோ தேவாலயத்து இளைஞர்களாலோ தொடங்கப்பட்டு, பிறகு மைதானம் தேடி அலைந்தவை. தேம்ஸின் கதை தலைகீழ். 1926இல் மான்செஸ்டரின் பெல் வியூவில் இயந்திர முயலைத் துரத்தும் கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயம் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் அந்த மோகம் நாடெங்கும் பரவிவிட்டது. 1928 பிப்ரவரியில் லண்டனுக்கு அருகே ஹை பீச்சில் ஸ்பீடுவே எனப்படும் மண்தடப் பைக் பந்தயமும் வந்து சேர்ந்தது. இரண்டையும் நம்பி முதலாளிகள் சிலர் அதே ஆண்டு கஸ்டம் ஹவுஸில் வெஸ்ட் ஹாம் ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். வடிவமைத்தவர், பிரிட்டனின் பெரிய கால்பந்து மைதானங்கள் பலவற்றின் மேடைகளை அமைத்த ஆர்ச்சிபால்ட் லீச். 1,20,000 பேர் கொள்ளும் என்று சொல்லப்பட்ட அரங்கம் அது. நாயும் பைக்கும் ஓடாத நாட்களில் அதைச் சும்மா போட்டுவைக்க மனம் வராமல், அதே முதலாளிகள் சொந்தமாக ஒரு கால்பந்துக் கழகத்தைத் தொடங்கினார்கள்.

பெயரை வைத்து ஒரு குழப்பம் வருவதுண்டு. 1895இல் தொடங்கிய தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் ஆலையின் அணிதான் 1900இல் வெஸ்ட் ஹாம் யுனைடெட் ஆனது. அதற்கும் இந்தத் தேம்ஸுக்கும் எந்த உறவும் இல்லை. போட்டி மட்டும் உண்டு, அதுவும் ஒருதலையானது. வெஸ்ட் ஹாம் யுனைடெட்டின் அப்டன் பார்க் மைதானம் கஸ்டம் ஹவுஸிலிருந்து நடந்து போகும் தொலைவு. 1923 முதல் அந்த அணி முதல் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் மில்வாலும் சார்ல்டனும், இக்கரையில் வடக்கே கிளாப்டன் ஓரியன்ட். துறைமுகத் தொழிலாளர்கள் நிறைந்த பகுதிதான், கால்பந்து ரசிகர்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் அப்பா காலத்திலிருந்தே ஒரு அணியின் பின்னால் போகிறவரை, நேற்றுத் தொடங்கிய அணி எதைக் காட்டி அழைக்கும்?

1928இல் ஃபுட்பால் லீக்குக்கு வெளியே இருந்த சதர்ன் லீக்கின் கிழக்குப் பிரிவில் சேர்ந்த தேம்ஸ், அடுத்த பருவத்திலேயே மூன்றாம் இடத்துக்கு ஏறியது. அப்போது ஃபுட்பால் லீக்கில் கீழிருந்து தானாக மேலேறும் வழி கிடையாது. கடைசி இடங்களில் முடித்த அணிகள் மறுதேர்வுக்கு நிற்க வேண்டும், உறுப்புக் கழகங்கள் வாக்களிக்கும். 1929–30இல் 135 கோல்களை வாங்கிக் கடைசியில் நின்ற வேல்ஸின் மெர்த்தர் டவுனை 1930இல் வாக்கெடுப்பு வெளியேற்றியது. அந்த இடம் தேம்ஸுக்குப் போனது. கிழக்குப் பிரிவில் அந்தப் பருவம் முதலிடம் பிடித்தது ஆல்டர்ஷாட். மூன்றாவதாக வந்த தேம்ஸ் அதை முந்திக்கொண்டதற்கு ஆட்டத் திறமையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய அரங்கம் வாக்களித்தவர்களின் கண்ணில் படாமலா இருந்திருக்கும்?

லீக்கில் முதல் பருவம் 22 அணிகளில் 20ஆம் இடம். அந்தப் பருவத்தில்தான், 1930 டிசம்பர் 6ஆம் தேதி சனிக்கிழமை, லூட்டன் டவுனுடன் நடந்த ஆட்டத்துக்கு 469 பேர் வந்தார்கள். அரங்கின் கொள்ளளவோடு வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 256 இடத்துக்கு ஒருவர். 1974இல் ராக்டேல் – கேம்பிரிட்ஜ் யுனைடெட் ஆட்டத்துக்கு இதைவிடக் குறைவாக, 450 பேர் வந்ததாகக் கணக்கு உண்டு. ஆனால் அது மின்வெட்டுக் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் நடந்தது. சனிக்கிழமைக் கணக்கில் தேம்ஸே கடைசி. காலி அரங்கில் ஆடும் அவலம் அந்தக் குளிர்காலத்தில் தேம்ஸுக்கு மட்டும் நேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன் லீ பிரிட்ஜ் மைதானத்தைப் பயன்படுத்த முடியாமல் போன கிளாப்டன் ஓரியன்ட், அதே பருவத்தில் இரண்டு ஆட்டங்களை வெம்ப்ளியில் நடத்திப் பார்த்தது. அந்தப் பெரிய அரங்கமும் நிறையவில்லை.

1931இல் நிர்வாகம் பெயர்பெற்ற ஆட்டக்காரர்களைத் தேடிப் போனது. ஜிம்மி டிமாக் வந்தார்: 1921 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் வோல்வ்ஸுக்கு எதிராக டாட்டன்ஹாமின் ஒரே கோலை அடித்தவர். கார்டிஃப் சிட்டியின் லென் டேவிஸும் வந்தார். லீக்கில் 128 கோல் அடித்து அந்தக் கழகத்தின் சாதனையாளராக விளங்கியவர். அர்சனலை வீழ்த்தி 1927இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். ஆனால் 1924இல் பர்மிங்ஹாமில் நடந்த பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அவர் தவறவிட்ட பெனால்டியால், கோல் சராசரியில் மயிரிழையில் ஹடர்ஸ்ஃபீல்டிடம் லீக் பட்டத்தை இழந்தது கார்டிஃப். இருவருக்கும் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பேர் இருந்தது, கால் பழையபடி ஓடவில்லை. 1931–32 பருவத்தை தேம்ஸ் கடைசி இடத்தில் முடித்தது. எதிரணிகள் நூற்றுக்கு மேல் கோல் அடித்தன.

பொருளாதார மந்தத்தின் உச்சக் காலம் அது. அதே பருவத்தில், 1931 அக்டோபரில், வடக்குப் பிரிவின் விகன் பரோ கடன் தாங்காமல் நடுவிலேயே லீக்கைவிட்டு விலகியது. தேம்ஸ் பருவத்தையாவது முடித்தது. கிளாப்டன் ஓரியன்டுடன் இணையும் யோசனை வந்தபோது அதை ஏற்கவில்லை. மறுதேர்வுக்கும் விண்ணப்பிக்கவில்லை. 1932 கோடையில் கழகம் கலைக்கப்பட்டது. காலியான இடத்தில், இரண்டு ஆண்டுக்கு முன் தவறவிட்ட ஆல்டர்ஷாட் சேர்ந்தது. அந்த ராணுவ முகாம் நகரத்தின் கழகம் அறுபது ஆண்டுகள் லீக்கில் நீடித்து, 1992 மார்ச்சில் கடனில் மூழ்கிப் பருவத்தின் நடுவே மறைந்தது.

கஸ்டம் ஹவுஸுக்கு வர மக்கள் தயங்கினார்கள் என்று இதை வைத்து முடிவுகட்டக் கூடாது. தேம்ஸ் கலைந்த மறு ஆண்டே, 1933இல், வெஸ்ட் ஹாம் – விம்பிள்டன் ஸ்பீடுவே போட்டிக்கு இதே அரங்கில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் திரண்டார்கள். இடத்திலும் போக்குவரத்திலும் கோளாறில்லை. அங்கே மக்கள் கேட்டது பைக்கை, கிடைத்தது இன்னொரு கால்பந்து அணி. ஸ்டேடியம் 1972இல் இடிக்கப்பட்டு வீடுகள் வந்தன. அங்குள்ள தெருக்களுக்கு ஆட்கின்சன், யங், க்ரூம்ப்ஸ், வில்கின்சன் என்று ஸ்பீடுவே வீரர்களின் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன.