ஓநாயை வளர்க்க முயன்றோர்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போடுவோர்க்கு நாயே இரவுக் காவல். ஓநாயோ நம்மில் பலருக்கு நற்செய்தியில் மட்டுமே அறிமுகமான விலங்கு. அதைக் கண்டதும் கூலிக்கு மேய்ப்பவன் மந்தையை விட்டு ஓடுகிறான். அந்த ஓநாயின் குருதி கலந்த நாயை வீட்டில் வளர்க்கும் ஆசை இன்று நம் இளைஞரையும் தொட்டிருக்கிறது. 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பெங்களூரில் ஒருவர் அத்தகைய நாயை 50 கோடி ரூபாய்க்கு வாங்கியதாகச் செய்தி பரவிற்று. ஏப்ரலில் அமலாக்கத் துறையினர் சென்று விசாரித்தபோது அது கட்டுக்கதை எனத் தெரிந்தது. விலை பொய், ஆசை மட்டும் மெய்.

இவ்வாசை புதியதன்று. ஆலந்து நாட்டவரான லேண்டர்ட் சார்லோஸ், தம் காலத்து ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் இயற்கை வலிமையை இழந்துவிட்டன என்று வருந்தினார். 1930-களில் தம் நாயைப் பெண் ஓநாய் ஒன்றோடு இணைத்து, துணிவும் வலிவும் மிக்க இனத்தை உருவாக்க முனைந்தார். பிறந்த குட்டிகளோ அயலாரைக் கண்டால் ஒதுங்கும் அச்சம் மிக்கவை. வீரத்தின் உருவென்று நாம் எண்ணும் ஓநாய், உண்மையில் மனிதனுக்கு அஞ்சி விலகியே பிழைத்து வந்த விலங்கு! சார்லோஸ் 1969-இல் இறந்தார்; 1975-இல் அவ்வினத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

செக்கோஸ்லோவாக்கியாவில் 1955-இல் இதே முயற்சியை இராணுவத்தினர் தொடங்கினர். காரெல் ஹார்ட்ல் என்பவரின் பொறுப்பில், பிரிட்டா என்னும் ஓநாய்க்கும் செசார் என்னும் நாய்க்கும் 1958 மே 26-இல் முதற்குட்டிகள் பிறந்தன. எல்லைக்காவலுக்கெனத் திட்டமிட்ட அவ்வினம் நிலைபெறப் பல தலைமுறைகளும், மீண்டும் மீண்டும் நாயின் கலப்பும் தேவைப்பட்டன.

தனி ஓநாயைப் பழக்குவது வேறு, ஓர் இனமே மனிதனோடு வாழப் பழகுவது வேறு. கண் திறக்குமுன்னே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, புட்டிப்பால் கொடுத்து, இரவு பகலாக உடனிருந்தாலன்றி அது மனிதரை ஏற்பதில்லை. ஏற்றாலும், இரண்டு வயதை ஒட்டி முதிர்ச்சி அடைந்ததும் தன் இடத்தைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கும். வேலியின் அடியில் தோண்டும், மேலே தாவும், உணவருகே எவரையும் விடாது. வெறிநோய்த் தடுப்பூசிகூட நாய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்டது. கலப்பினத்திற்கென அமெரிக்காவில் எதுவும் அங்கீகரிக்கப்படவில்லை.

புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட சோதனை ஒன்று என்னை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. பிறந்த சில நாள் முதல் மனிதர் கையிலேயே வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும், எடுக்க இயலாதவாறு இறைச்சியை வைத்தனர். நாய் சற்று முயன்றபின் திரும்பி, தன் மனிதரின் முகத்தைப் பார்த்தது. ஓநாய் பெரும்பாலும் பார்க்கவேயில்லை, தானே முயன்றுகொண்டிருந்தது. அதை நன்றிகெட்டது என்பது நமது அறியாமை. தொடக்க நூலின்படி ஒவ்வோர் உயிரும் தன் இனத்திற்கேற்பப் படைக்கப்பட்டது.

குப்பியோ நகரத்து ஓநாயைப் புனித பிரான்சிஸ் அசிசியார் சந்தித்ததாகச் சொல்லப்படும் மரபுக் கதையில், அவர் அதற்குச் சங்கிலி பூட்டவில்லை. தம் இல்லத்திற்கும் கொண்டுசெல்லவில்லை. ஊரார் உணவளிப்பர், ஓநாய் தீங்கு செய்யாது என்றோர் உடன்படிக்கையே செய்துவைக்கிறார்.

நம் நாட்டிலும் அத்தகைய உடன்படிக்கை ஒன்று எழுத்தில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள இந்திய ஓநாயைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். நாட்டில் எஞ்சியவை சுமார் 3,000 மட்டுமே என்று கணிக்கப்படுகிறது. அவற்றுக்கும் இப்போது புதியதோர் இடர் நேர்ந்துள்ளது: புணே அருகே புல்வெளியில் காணப்பட்ட விலங்கு ஓநாய்க்கும் தெருநாய்க்கும் பிறந்த கலப்பு என்பது 2023-இல் மரபணுச் சோதனையால் உறுதியாயிற்று. அக்கலப்பை எவரும் விலைகொடுத்து உண்டாக்கவில்லை; நாம் உணவின்றித் தெருவில் விட்ட நாய்களே காட்டோரம் சென்று உண்டாக்கியது அது.