வலையும் உலையும்: பழவேற்காட்டு மீனவர் வாழ்க்கைச் செலவின் வரலாறு

ஒரு குடும்பம் வாழ எவ்வளவு செலவாகிறது என்று அறிய அரசு நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பார்க்கிறது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட இந்தியக் குறியீட்டில், கிராமப்புறச் செலவில் உணவுக்கும் பானங்களுக்கும் தரப்பட்ட எடை 54.18 விழுக்காடு. அரிசியும் பருப்பும் எண்ணெயும் விலை ஏறி இறங்குவதை அது ஒழுங்காகப் பிடித்துவிடும். ஆனால் திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களுக்கு அதே அளவுகோலை வைத்தால் பாதிச் செலவு கணக்குக்கு வெளியே நின்றுவிடும். வலை, இன்ஜின், படகுக்கான டீசல், ஐஸ் எல்லாம் தொழில் செலவு என்பதால் குறியீட்டில் அவற்றுக்கு இடமில்லை. மீனவர் வீட்டிலோ வலை வாங்கும் பணமும் உலை வைக்கும் பணமும் ஒரே முந்தானை முடிச்சிலிருந்துதான் அவிழ்கின்றன. கடந்த ஒன்றரை நூற்றாண்டில் இங்கே வாழ்க்கைச் செலவை ஏற்றியது சோற்றின் விலையைவிட, மீன் பிடிக்கப் போகும் செலவே என்பது இக்கட்டுரையின் வாதம்.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகத்துக்குப் பழவேற்காடே மையம். அவர்கள் தேடி வந்த சரக்கு நெசவுத் துணி. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின், மீனவர் வீட்டுக் கணக்கை நேரடியாகத் தொட்டது உப்பு வரி. பிடித்த மீனில் அன்றைக்கு விற்காததை உப்பிட்டுக் காயவைத்தால்தான் காசு. உப்பு விலை ஏறினால் மீன் கரையிலேயே அழுகும். மீன்வளத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் டே 1873-இல் வெளியிட்ட அறிக்கையில் உப்பு வரி மீன் பதனிடும் தொழிலை நசுக்குவதை எடுத்துக்காட்டினார். பின்னர் சென்னை மாகாணக் கரையெங்கும் அரசே மீன் பதனிடும் முற்றங்களை அமைத்து, வரியில்லா உப்பை வழங்கியது. தொழிலுக்கான ஒரு பொருளின் விலையைக் குறைப்பதுதான் மீனவர் வீட்டுக்கு உண்மையான நிவாரணம் என்பதை அந்தக் காலத்து அதிகாரிகள் கண்டுகொண்டிருந்தார்கள். இது நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

உப்பைத் தவிர்த்தால் அந்நாளில் காசு கொடுத்து வாங்கவேண்டியவை குறைவு. பருத்தி நூலைக் கையால் முடிந்து வலை பின்னினார்கள். மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்து உலர்த்தினால் அது சில காலம் தாங்கும். வேலை அதிகம், ரொக்கம் குறைவு. கூரைக்குப் பனையோலை, குடிக்க மணலில் தோண்டிய ஊற்று, அடுப்புக்குக் கரையோரச் சுள்ளி. 1806-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், 1876–78 பஞ்ச நிவாரண வேலைகளுக்குப் பின் பக்கிங்காம் பெயரைப் பெற்றது. ஸ்ரீஹரிகோட்டாவின் விறகு அதன் வழியே படகேறிச் சென்னைக்குப் போயிற்று. இதையெல்லாம் சொல்வதால் அன்றைய வாழ்வு வளமாக இருந்தது என்று பொருளில்லை. பஞ்சமும் காலராவும் கரையை விட்டுவைக்கவில்லை. வறுமை இருந்தது, ஆனால் அது இன்றைய ரொக்கக் கடனின் வடிவில் இருக்கவில்லை.

கடனைப் பற்றி யோசித்த ஒருவர் மீனைப் பற்றியும் யோசித்தார் என்பது தமிழகப் பொருளாதார வரலாற்றில் போதிய கவனம் பெறாத பக்கம். பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆண்டுகளில் அளித்த அறிக்கைகளில், லேவாதேவிக்காரரிடமிருந்து உழவரை மீட்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களே வழி என்றார். அதே நிக்கல்சன்தான் 1905 முதல் மாகாணத்தின் மீன்வளத்தை ஆராய்ந்தார். 1907-இல் மீன்துறை உருவாயிற்று. மீனவருக்கும் கூட்டுறவு வேண்டும் என்று அவர் கருதினார். கூட்டுறவுச் சங்கங்கள் பின்னர் வரவும் செய்தன. ஆனால் கரையில் வியாபாரி கொடுத்த முன்பணத்தின் இடத்தை அவற்றால் பிடிக்க முடியவில்லை.

ஊருக்குள் வேறொரு ஏற்பாடு இருந்தது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் ஏரியின் நல்ல மீன்பிடி இடங்களைப் பாடு என்ற முறையில் பங்கிட்டுக்கொண்டன. ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் முறை வரும். முறை வந்த நாளில் அந்த இடத்தில் சுத்துவலை கட்டலாம். இன்று கைக்கு எட்டாத இடம் நாளை கிட்டும். முந்திக்கொள்ளப் பெரிய வலையோ வேகமான படகோ தேவைப்படவில்லை. பொருளியல் நோக்கில் பார்த்தால் பாடு என்பது உரிமை மட்டும் அல்ல, தொழில் செலவு ஏறாமல் பிடித்து நிறுத்திய தடை. இந்த வட்டத்துக்கு வெளியே நின்ற இருளருக்கும் மற்றவர்களுக்கும் அது நியாயமாகப் படவில்லை. கையால் தடவி இறால் எடுத்தவர்களுக்கு ஏரியின் ஓரமே மிச்சம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் தளம் அமைந்தபோது அங்கிருந்து பெயர்ந்தவர்களும் ஏரியை நம்பி வந்ததில் நெரிசல் கூடியது.

மாற்றத்தின் திருப்புமுனை இறால். 1950-களில் கொச்சியில் தொடங்கிய உறைந்த இறால் ஏற்றுமதி சில ஆண்டுகளில் கிழக்குக் கரையையும் எட்டியது. 1972-இல் கடல் உணவு ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் வந்தது. முன்பு கருவாட்டுக் கூடையில் கிடந்த வெள்ளை இறாலுக்குத் திடீரென்று டாலர் மதிப்பு. அதைப் பிடிக்க நைலான் வலை, கெடாமல் காக்க ஐஸ். இரண்டையும் கையால் செய்துகொள்ள முடியாது. கம்பெனிக்கு இறால் சேர்க்கும் வியாபாரி முன்பணம் தந்தார்; வாங்கியவர் பிடிப்பை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே கொடுத்தார். இந்தக் கடனுக்கு வட்டி என்று தனியாக எதுவும் எழுதப்படுவதில்லை. விலையில் கழியும் தொகைதான் வட்டி.

இதே கதை கிழக்கு ஆப்பிரிக்காவிலும் நடந்தது. விக்டோரியா ஏரியில் 1950-களிலும் 60-களிலும் விடப்பட்ட நைல் கொடுவா பெருகியதும், 1980-கள் முதல் கென்யா, தான்சானியா, உகாண்டா கரைகளில் ஆலைகள் எழுந்தன. சதை ஐரோப்பாவுக்குப் போயிற்று; கரையோர ஏழைகள் சதை சீவிய தலையையும் முள்ளையும் வாங்கிப் பொரித்துத் தின்றார்கள். பழவேற்காட்டில் அந்த அளவுக்குப் போகவில்லை. மடவையும் சில்லறை மீனும் வீட்டுச் சட்டிக்கு இன்னும் வருகின்றன. ஆனால் நல்ல இறாலும் களி நண்டும் பிடித்தவர் வீட்டில் வேகும் நாள் அரிது.

அடுத்து வந்தது இன்ஜின். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த பைபர் படகுகள் கட்டுமரத்தை ஓரங்கட்டின. படகு இலவசமாக வந்தாலும் எரிபொருள் இலவசமாக வராது. இங்கே பங்குக் கணக்கைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். விற்ற பணத்தில் முதலில் எரிபொருள், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழிப்பார்கள். மீதியில்தான் படகு, வலை, இன்ஜினுக்கான பங்கும் ஆள் பங்கும். விகிதம் ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக, 5,000 ரூபாய்க்கு மீன் விற்று 1,800 ரூபாய் செலவு என்று வைப்போம். மீதி 3,200-இல் பாதி படகுக்கு, பாதி நான்கு ஆள்களுக்கு என்றால் ஆளுக்கு 400 ரூபாய். எரிபொருள் 400 ரூபாய் கூடினால் அதே பிடிப்பில் ஆளுக்கு 350 ரூபாய்தான். சொந்தப் படகே இல்லாதவரும் டீசல் விலையைத் தன் கூலியிலிருந்து கட்டுகிறார். மாநில அரசு மீனவருக்கு டீசல் விற்பனை வரி விலக்கு தருகிறது; ஆனால் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின் அடிப்படை விலையே சந்தையோடு ஆடுகிறது.

இதே காலத்தில் அரிசி மலிந்தது என்பதைச் சேர்த்துப் படித்தால்தான் படம் தெளிவாகும். ரேஷன் அரிசி 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லை. பட்டினியை விரட்டியதில் இதன் பங்கு பெரிது; அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனால் சோற்றில் மிச்சமான காசு வலைக்கும் இன்ஜினுக்கும் போனது. விலையில்லா அரிசி வாங்கிய வீட்டிலேயே, புது வலைக்காகத் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகிறது.

ஏரியும் செலவு வைக்கத் தொடங்கிவிட்டது. வடகிழக்குப் பருவமழை வெள்ளம் முகத்துவாரத்தைத் திறந்தால் கடல்நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். மணல் மூடினால் வரத்தும் இல்லை, படகு கடலுக்குப் போக வழியும் இல்லை. மீனவர்களே வசூல் போட்டு மண் வாரிய ஆண்டுகள் உண்டு. கரையில் பரவிய இறால் பண்ணைகளை எதிர்த்து எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் சிலிகா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் நவீன இறால் பண்ணைகள் கூடாது என்றது. அது பெரிய காப்பு. ஆனால் தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001-இலும் காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-இலும் செயல்படத் தொடங்கின. கரையின் பயன்பாடு மாறிக்கொண்டே போகிறது. வடக்கே ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். அன்றைய பிடிப்பு போயிற்று. கடன் தவணை அப்படியே நிற்கும்.

இத்தனை இழப்பும் கடைசியில் பெண்கள் தலையில் விழுகிறது. மீன் கூடையோடு பொன்னேரிச் சந்தைக்குப் போகும் பெண், காலையில் முதலுக்குத் தண்டல் வாங்குவார். வண்டிச் சத்தம், ஐஸ் போக மிஞ்சியதில் சாயங்காலம் அதைக் கட்டுவார். சுய உதவிக் குழுக்கள் இந்தப் பிடியைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் குழுக் கடன் மாதத் தவணை. மீன் முதல் விடியற்காலையில் தேவைப்படுகிறது.

2001-இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017 முதல் 61 நாள். 5,000 ரூபாயாக இருந்த தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயாக உயரும் என்று 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் முதல்வர் அறிவித்தார். 61 நாளுக்கு வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் கட்டும் 1,500 ரூபாயோடு மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ரூபாயாகத் திருப்பித் தருகின்றன. அரசு ஊழியர் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை விலைக் குறியீட்டோடு சேர்ந்து நகர்கிறது. மீனவர் நிவாரணமோ அறிவிப்புக்காகக் காத்திருக்கிறது. அதைக் குறியீட்டோடு இணைத்தாலும் இன்றைய குறியீடு போதாது. மீன் இறங்குதளங்களில் பிடிப்பின் எடையைக் குறிக்கும் ஏட்டிலேயே அன்றைய டீசல், ஐஸ், வலை விலைகளையும் எழுதி, நிவாரணத்தை அதன்படி ஆண்டுதோறும் திருத்த வேண்டும். வரியில்லா உப்பு கொடுத்த மாகாணத்துக்கு ஒரு காலத்தில் முடிந்த காரியந்தான் இது.