தறியோரம் வாழ்ந்த மொழி



இராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குச் செல்லும்போது நீங்கள் பரமக்குடியைக் கடந்திருப்பீர்கள். வைகையின் ஒரு கரையில் பரமக்குடி, மறுகரையில் எமனேஸ்வரம். அங்குள்ள நெசவாளர் தெருக்களில் தறியோசையோடு கலந்து ஒலிக்கும் வீட்டுப்பேச்சு தமிழன்று. தண்ணீரை அவர்கள் ‘பானி’ என்பார்கள். அது சௌராஷ்டிர மொழி. குஜராத்தி, மராத்தி ஆகியவற்றுக்கு உறவுமொழி.

பட்டு நெசவு இவர்களுடைய முன்னோரின் தொழில். அதனாலேயே ‘பட்டுநூல்காரர்’ என்னும் பெயரும் பெற்றனர். இலாட நாட்டுப் பட்டு நெசவாளர் கூட்டமாகப் புறப்பட்டுப்போய், மந்தசோரில் சூரியன் கோயில் கட்டியதை அவ்வூரின் கி.பி. 473-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. அவர்களே இவர்களுடைய முன்னோர் என்று கருதுவோர் உண்டு. தேவகிரி, விஜயநகரம் வழியாக வந்து, நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறியதாக இவர்களது மரபு சொல்லுகிறது. மராத்தி, கன்னடம், தெலுங்கு, தமிழ்ச் சொற்கள் இம்மொழியில் கலந்திருப்பதும் அந்த நெடும்பயணத்தை நினைவூட்டுகிறது.

இம்மொழிக்கென ஒரு மாநிலம் இல்லை. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் இதற்கு இடமில்லை. 2011 கணக்கெடுப்பில் இதனைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் 2,47,702 பேர். 1843-இல் மதுரையில் பிறந்து, பரமக்குடியில் நாகலிங்க அடிகளிடம் பயின்ற நடனகோபால நாயகி சுவாமிகள் இம்மொழியில் பக்திப் பாடல்கள் இயற்றினார். இதன் தனி எழுத்து 2008-இல் ஒருங்குறியில் சேர்ந்தது. எனினும் தமிழ் எழுத்திலேயே எழுதுவோர் பலர். நான்கு வகைக் ககர ஒலிகளுக்கும் தமிழில் ஓர் எழுத்தே இருப்பதால், எழுத்தின் அருகே சிறு எண்களை இட்டு வேறுபடுத்துகின்றனர்.

அப்படியானால் இத்தனை நூற்றாண்டுகள் இம்மொழியைக் காத்தது எது? வீடுதான். தந்தை தறியருகிலும் தாய் அடுப்பருகிலும் பேசினார்கள். பிள்ளைகள் கேட்டு வளர்ந்தார்கள். இன்றோ பாட்டி சௌராஷ்டிரத்தில் கேட்க, பேரன் தமிழில் விடை கூறும் வீடுகள் உண்டு. பாட்டியோடு அப்பேச்சு நின்றுவிட்டால், அவ்வீட்டுக்கு அதை யார் மீட்டுத் தருவார்?

சுவிசேஷங்கள் கிரேக்கத்தில் எழுதப்பட்டன. ஆயினும் யவீருவின் மகளை ஆண்டவர் எழுப்பிய ‘தலீத்தாகூமி’ என்னும் அரமேயச் சொல்லை மாற்கு அப்படியே காத்துவைத்தார். சிறுமியின் படுக்கையருகே நம் ஆண்டவர் பேசியது அவளுடைய வீட்டுமொழி.

ஆகவே அன்பானவர்களே, பேருந்திலோ கடைவீதியிலோ ஒருவர் வேறு மொழியில் பேசும்போது நகையாதிருங்கள். அது அவருடைய தாய் அவருக்குத் தந்த செல்வம். வளைகுடாவிலும் பெங்களூருவிலும் வளரும் உங்கள் பேரப்பிள்ளைகளிடம் தொலைபேசியில் தமிழிலேயே பேசுங்கள், தமிழிலேயே ஜெபியுங்கள். மொழியும் விசுவாசமும் வீட்டில் வாய்வழியே கையளிக்கப்படுகின்றன. இந்த வாரம் அந்தப் பொறுப்பை நினைவில் கொள்வோம்.

கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.