மாரியம்மனும் அம்மை குத்துவோரும்

கோவை நகரில் ‘பிளேக் மாரியம்மன்’ என்னும் பெயரோடு கோயில்கள் உள்ளன. ஆங்கிலச் சொல்லொன்றைப் பெயரிலேயே ஏற்ற இத்தெய்வம், அன்னியர் ஆட்சியின் நோய்க் கொள்கையைக் கொங்கு மக்கள் எதிர்கொண்ட விதத்துக்குக் கல்வெட்டை ஒத்த சான்றாகும்.

கொங்கு நாடு கும்பினியார் கைக்கு வந்தது 1799இல். மூன்றே ஆண்டுகளில், 1802இல், ஜென்னர் கண்ட பசு அம்மைப்பால் இந்தியாவை எட்டிற்று. பெரியம்மை கண்ட வீட்டாருக்கு அது அன்னையின் வருகை. ‘அம்மை வார்த்திருக்கிறது’ என்பதே வழக்கு. வாசலில் வேப்பிலை, தாளிப்பில்லாத சமையல், தாழ்ந்த குரல். வேப்பிலை செருகிய வீட்டுக்குள் அயலார் நுழையார். தொற்றைத் தடுத்ததில் இதற்கும் பங்குண்டு எனலாம். ஈரோட்டில் பங்குனியில் கம்பம் நட்டு நீர் ஊற்றுவதும் அன்னையின் வெம்மையைத் தணிக்கவே.

இம்மரபினிடையே அரசின் அம்மை குத்துவோர் வந்தனர். ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுத்த பாலை மற்றொரு குழந்தையின் கையில் கீறி ஏற்றுவது அக்கால முறை. யார் வீட்டுக் குழந்தை, என்ன சாதி என்ற கேள்விகள் எழாமல் இருக்குமா? திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ் (மறைவு 1819) இத்தடையை உணர்ந்தவர். சக்திக்கும் தன்வந்திரிக்கும் இடையே நிகழும் உரையாடலாகத் தமிழில் கதையொன்று இயற்றி, அம்மைப்பாலை ஆவின் கொடையாக்கிக் காட்டினார். நோக்கம் நன்று, எனினும் ஆட்சியின் தேவை புராண வேடம் பூண்டு வந்ததைக் கவிஞர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

கடல் கடந்தோர் நிலை வேறு. 1760இல் ஜமைக்காவில் டாக்கி தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், ‘ஓபியா’ என்னும் ஆப்பிரிக்க மந்திர மருத்துவம் சட்டத்தால் குற்றமாக்கப்பட்டது. கிளர்ச்சியாளர்க்குக் காப்பு மந்திரித்துக் கொடுத்தவர் ஓபியாக்காரர் என்னும் அச்சமே காரணம். 1845 முதல் சென்னைத் துறையிலிருந்து பிரிட்டிஷ் கயானாவுக்குக் கூலிகளாய்ப் போனோர் மாரியம்மனையும் வேப்பிலையையும் உடன்கொண்டு சென்றனர். அங்கே பூசாரியின் குறியும் திருநீறும் ஓபியாவோடு சேர்த்தே ஐயுறப்பட்டன.

இங்கோ, சமயத்தில் தலையிடுவதில்லை என 1858இல் அரசியார் வாக்களித்திருந்தார். அவ்வாக்கு பூசாரியைக் காத்தது, நோயாளியைக் காக்கவில்லை. பம்பாயில் 1896இல் பிளேக் தோன்ற, மறு ஆண்டே வந்த கொள்ளைநோய்ச் சட்டம் வீடு புகுந்து சோதிக்கவும், நோயுற்றோரைப் பிரித்துக் கொண்டுபோகவும், உடைமைகளை எரிக்கவும் அதிகாரிகளுக்கு உரிமை தந்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நோய் கோவைக்கும் வந்தது. எலி விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டு மக்கள் ஊர்ப்புறத்தில் குடிசை போட்டுத் தங்கினர். அந்நாள்களில்தான் மாரியம்மன் புதுப்பெயர் பெற்றாள்.

பெரியம்மையை ஒழித்தது ஊசியே. பூசாரியால் அது ஆகவில்லை. இந்தியாவில் 1977இலும், உலகெங்கும் ஒழிந்ததாக 1980இலும் அறிவிப்பு முழுமையுற்றது. ஆனால் தமிழ் மக்கள் அவ்வூசிக்கு இட்ட பெயரைக் கவனிக்க வேண்டும்: ‘அம்மை குத்துதல்’. வெள்ளையரின் கத்திமுனையிலும் அன்னை பெயரையே ஏற்றிவிட்டனர்.

சின்னம்மை இன்னும் ஒழியவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனித் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், கோடை முற்றும்போது, ஏதேனும் ஒரு கதவில் வேப்பங்கொத்து தொங்குகிறது. அவ்வீட்டார் வேலைக்கு வரவில்லையென்றால் காரணம் கேட்பாரில்லை.